வேண்டாத காவலாளி

1993 செப்டம்பர் 20. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. தலையில் 846 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள். ராக்கெட்டை வடிவமைத்தவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள், தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினர். பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. பெரிய எஞ்சின்கள் காலை வாரவில்லை. இரண்டாம் கட்டம் பிரிந்த நேரத்தில் ராக்கெட் எதிர்பாராத அளவுக்குக் குலுங்கியது. அதைச் சமாளித்து நேராக்க வேண்டிய பொறுப்பு உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்கு. மூக்கை மேலும் கீழுமாகத் திருப்பும் கட்டளைக்கான கணக்கில், எண் தனக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டி வழிந்துவிட்டது. செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை, கடலுக்குப் போனது.

எண் வழிவது என்றால் என்ன? பழைய ஸ்கூட்டர்களில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99,999க்கு அடுத்து அது ஒரு லட்சம் காட்டாது. எல்லாம் பூஜ்யமாகி, வண்டி புதிதாகப் பிறந்துவிடும். (செகண்ட்ஹேண்ட் வண்டி விற்பவர்களுக்கு இதில் மனக்குறை ஏதும் கிடையாது.) கம்ப்யூட்டரில் இன்னும் விபரீதம். 16 பிட் அறையில் 32,767ஓடு ஒன்றைக் கூட்டினால், கழித்தல் 32,768 வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்று கேட்டால், முழுக்க இடது பக்கம் என்று பதில் கிடைக்கும்.

தும்பாக்காரர்கள் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. ஐ.ஆர்.எஸ்.-பி2 செயற்கைக்கோளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது. இந்த மாதிரி விபத்துகளுக்கு மருந்து பெரும்பாலும் ஒரே வரிதான்: 'எண் அளவுக்குள் இருக்கிறதா?' என்று கேட்கும் வரி. இருந்தால் மேலே போ, இல்லாவிட்டால் நில். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த வாரம். அதை எழுத மறப்பது ஒரு வகைத் தவறு. என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொரு வகை. விஷயம் தெரிந்தவர்கள், நன்றாக யோசித்து, 'இது தேவையில்லை' என்று முடிவு செய்து அந்த வரியை எடுத்துவிடுவது.

ராக்கெட்டிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ. ஐரோப்பியர்களின் ஏரியான்-5 முதல் பயணத்தில் சுமார் 37 விநாடி நன்றாகப் பறந்தது. பிறகு திடீரென்று திசை திரும்பி, உடைந்து, வெடித்தது. ழாக்-லூயி லியோன்ஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு கண்டுபிடித்தது இது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் கம்ப்யூட்டரில், ஆபத்து விளைவிக்கக்கூடிய ஏழு எண்கள் இருந்தன. நான்குக்கு மட்டும் பாதுகாப்புச் சோதனை போட்டிருந்தார்கள். மீதி மூன்றுக்குப் போடவில்லை. மறதியால் அல்ல, திட்டமிட்டே. கம்ப்யூட்டரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இலக்கு. ஒவ்வொரு சோதனையும் நேரத்தைத் தின்னும். அந்த மூன்று எண்கள் எந்த நிலையிலும் அளவைத் தாண்ட வாய்ப்பில்லை என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு சரிதான். ஏரியான்-4க்கு! அந்த ராக்கெட்டின் பாதையில் அவை தாண்டவே இல்லை. அதே சாஃப்ட்வேரை அப்படியே ஏரியான்-5க்குத் தூக்கி வைத்தார்கள். ஏரியான்-5 கிளம்பிய சில விநாடிகளிலேயே பக்கவாட்டில் மிக அதிக வேகம் எடுக்கும் ஜாதி. சோதனை இல்லாத மூன்றில் ஒன்று வழிந்தது. மாற்று கம்ப்யூட்டர் ஒன்றும் தயாராக இருந்தது. ஆனால் அதிலும் அதே சாஃப்ட்வேர், ஆகவே ஒரு கணம் முன்னதாகவே அதுவும் படுத்துவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, ராக்கெட் தரையை விட்டபின் அந்தக் கணக்கே ஏரியான்-5க்குத் தேவையில்லை என்பது.

குழுவின் அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று எண்களுக்கு ஏன் பாதுகாப்பு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்ற காரணம் ப்ரோக்ராமுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. காகிதக் கட்டுகளுக்கு இடையே எங்கோ கிடந்தது. ப்ரோக்ராமைப் படித்த அடுத்த ஆளுக்கு, அங்கே ஒரு காவலாளி இருந்திருக்க வேண்டும் என்பதே தெரியாது.

ராக்கெட்டை விட்டுவிட்டு நம் மேஜைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் நீங்கள் கடிதம் எழுதும் ப்ரோக்ராம், படம் பார்க்கும் ப்ரோக்ராம் எல்லாவற்றுக்கும் அடியில் 'கெர்னல்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளறை. நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றின் சாவியும் அதன் இடுப்பில். எந்த ப்ரோக்ராமும் எதையும் நேராகத் தொடக்கூடாது. கெர்னலிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அது விசாரித்துவிட்டுச் செய்து தரும். கெர்னல் ஏமாந்தால் மொத்த கம்ப்யூட்டரும் ஏமாந்தது.

திருவனந்தபுரத்தில் இது தூரத்து விஷயம் அல்ல. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவின் சுதந்திர சாஃப்ட்வேர் அமைப்பைத் தொடங்கி வைத்தது இந்த ஊரில்தான். பூஜப்புரையில் உள்ள 'கைட்' நிறுவனம் கேரளத்துப் பள்ளிகளுக்கு லினக்ஸைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஆகவே இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளை படம் வரையும் கம்ப்யூட்டருக்கு அடியிலும் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. ஆண்ட்ராய்ட் போன் வைத்திருந்தால் உங்கள் சட்டைப் பையிலும் அதுவே.

கெர்னலின் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதே ஊரில் நல்ல உதாரணம் பத்மநாப சுவாமி கோயில். 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நிலவறைகளைத் திறந்து பார்த்ததிலிருந்து அங்கே காவல் பலம். செல்போனை வெளியே கவுண்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். சட்டையைக் கழற்றி வேட்டியோடு வர வேண்டும். போலீஸ் சோதனை உண்டு. சந்நிதி வரையில் ஆங்காங்கே கண்கள். இப்போது யாராவது சிக்கனக்காரர் வந்து, 'செல்போனைத்தான் வெளியே வாங்கி வைத்துவிட்டோமே, உள்ளே நிற்பவர் எதற்கு மறுபடி பார்க்க வேண்டும்?' என்று கேட்டால் தப்பு சொல்ல முடியாது. வாதம் சரி. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: உள்ளே வருபவர் எல்லாரும் அந்தக் கவுண்ட்டர் வழியாகத்தான் வருகிறார்கள். கோயிலுக்கு நான்கு திசையிலும் நடை உண்டு. நாளை திருவிழாக் கூட்டத்துக்காக இன்னொரு வாசலைத் திறந்தால், உள்ளே நின்ற அந்த வேண்டாத ஆள்தான் ஒரே ஆள்.

அதற்காகச் சோதனைகளை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெர்னலில் வேண்டாத சோதனைகள் நிறைய உண்டு, எடுக்கத்தான் வேண்டும். லினக்ஸில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க 'கே-ஃப்ரீ' என்று ஒரு கட்டளை. பூஜ்ய முகவரியைக் கொடுத்தால் எதுவும் செய்யாமல் பேசாமல் திரும்பிவிடும், அப்படித்தான் அதை எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கான இடங்களில், 'பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கே-ஃப்ரீயைக் கூப்பிடு' என்று எழுதி வைத்திருப்பார்கள். கதவில் நிற்பவர் கேட்கப்போகும் கேள்வியைத் தெருவிலேயே கேட்பது. இவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு கருவியே இருக்கிறது. பிரான்சில் செய்தது, பெயர் 'கோக்சினெல்'. பிரெஞ்சில் பொறிவண்டு என்று அர்த்தம், பூச்சிகளைத் தின்னும் வண்டு. கெர்னல் வேலையில் புதிதாக நுழைகிறவர்கள் இந்த மாதிரி வரிகளை நீக்கித்தான் பெரும்பாலும் கை பழகுகிறார்கள்.

வேண்டாத சோதனை நேரத்தைத் தின்கிறது என்பது மட்டும் அல்ல. படிப்பவரை ஏமாற்றவும் செய்கிறது. 'இது பூஜ்யமா?' என்று ஒரு வரி கேட்டால், அது பூஜ்யமாக வரக்கூடும் போலிருக்கிறது என்று அடுத்தவர் நினைப்பார். அவரும் ஒன்றைச் சேர்ப்பார். பத்து வருடத்தில் யார் எதற்காகப் பயந்தார்கள் என்றே தெரியாத காடு. எது உண்மையான காவல், எது சம்பிரதாயம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் களை எடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். களை என்று எண்ணிப் பயிரைப் பிடுங்கிய கதைகளில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமைக் கிளப்பிவிட்டு, 'அது முடிந்ததா, என்ன ஆயிற்று?' என்று கெர்னலிடம் கேட்கும். லினக்ஸில் அதற்கு 'வெயிட்-ஐடி' என்று ஒரு விண்ணப்பம். கேட்கிற ப்ரோக்ராம், 'பதிலை இந்த முகவரியில் எழுது' என்று தன் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும். கெர்னல் அங்கே ஆறு சின்ன விவரங்களை எழுதும். இதில் ஒரு பொறி உண்டு. கெர்னலுக்கு எங்கு வேண்டுமானாலும் எழுத அதிகாரம் இருக்கிறது. ஒரு போக்கிரி ப்ரோக்ராம், தன் இடத்தைக் காட்டாமல் கெர்னலின் சொந்தக் கணக்குப் புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டினால்? கருவூல அதிகாரியிடம், 'நான் கேட்ட பதிலை உங்கள் லெட்ஜரில் நாற்பதாம் பக்கத்தில் எழுதுங்கள்' என்று சொல்வது போல. அதிகாரி யோசிக்காமல் எழுதினால் லெட்ஜர் கெட்டது. ஆகவே எழுதுவதற்கு முன், 'காட்டிய முகவரி பயனரின் எல்லைக்குள் இருக்கிறதா?' என்று பார்ப்பது கெர்னலின் அடிப்படை ஒழுக்கம்.

முன்பெல்லாம் ஆறு விவரத்தையும் எழுதும்போது ஆறு தடவையும் இந்தச் சோதனை நடந்தது. ஒரே முகவரியை ஒட்டிய ஆறு இடங்கள், எதற்கு ஆறு தடவை? அதோடு 2014 வாக்கில் இன்டெல் சில்லுகளில் புதிய பூட்டு ஒன்று வந்தது. கெர்னல் தவறிப்போய்ப் பயனரின் நினைவகத்தைத் தொட்டால் சில்லே தடுத்துவிடும். நல்ல பூட்டு. ஆனால் நியாயமாக எழுதுவதற்கும் அதைத் திறந்து, எழுதி, மூட வேண்டும். ஆறு விவரத்துக்கு ஆறு தடவை திறப்பு, ஆறு தடவை மூடல். இது வெறும் விரயம். அதனால் புதிய முறை கொண்டுவந்தார்கள். முதலில் ஒருமுறை முகவரியைச் சோதி, பூட்டை ஒருமுறை திற, சோதனை இல்லாத வேகமான கட்டளையால் ஆறையும் மளமளவென்று எழுது, மூடு. அருமையான யோசனை.

2017இல் வெயிட்-ஐடியையும் புதிய முறைக்கு மாற்றினார்கள். பூட்டைத் திறக்கும் வரி வந்தது. ஆறு வேகமான எழுத்து வந்தது. மூடும் வரி வந்தது. முதலில் ஒருமுறை சோதிக்கும் வரி மட்டும் வரவில்லை. ஆறு காவலாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்குப் பதிலாக நியமிக்க வேண்டிய ஒருவரை நியமிக்க மறந்துவிட்டார்கள்.

செப்டம்பரில் வெளியான லினக்ஸ் 4.13இல் அது அப்படியே போயிற்று. கம்ப்யூட்டரில் சாதாரண அனுமதி உள்ள யார் வேண்டுமானாலும் கெர்னலின் நினைவகத்தில் எழுத வைக்கலாம். குரோம் ப்ரௌசர் சந்தேகமான பக்கங்களை அடைத்து வைத்திருக்கும் கூண்டிலிருந்தும் இதைப் பயன்படுத்தி வெளியே வர முடியும் என்று ஓர் ஆராய்ச்சியாளர் செய்தே காட்டினார். அக்டோபரில் விட்டுப்போன சோதனையைச் சேர்த்தார்கள். நல்லவேளை, ஓட்டையின் ஆயுள் சில மாதங்கள்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பின்குறிப்பு. 'இனிமேல் எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நம் அலுவலகங்களில் சுற்றறிக்கை விடுவது போல. கொஞ்ச நாளில் இன்டெல் கிராஃபிக்ஸ் பகுதியிலும் அதே மறதி நடந்திருப்பது தெரிந்தது. லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டொர்வால்ட்ஸ் 2019 ஜனவரியில் பூட்டைத் திறக்கும் கட்டளையையே மாற்றினார். அதன்பின் அந்தக் கட்டளைக்கு முகவரியைக் கொடுத்தே ஆக வேண்டும். அது சோதித்துப் பார்த்துச் சரி என்றால்தான் பூட்டு திறக்கும். சோதனையை மறக்க வேண்டுமானால் கதவைத் திறக்கவே மறக்க வேண்டும். காவலாளிகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஒன்றாயிற்று. அந்த ஒருவர் கையில்தான் சாவி.

இரண்டாவது கதை 2009 ஜூலை. இதில் சோதனையை எடுத்தது மனிதன் அல்ல, கம்பைலர். அதாவது நாம் எழுதும் ப்ரோக்ராமைச் சில்லின் பாஷைக்கு மாற்றும் சாஃப்ட்வேர். லினக்ஸ் 2.6.30இல், நெட்வொர்க் பகுதி ஒன்றில் ஒரு முகவரியை முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அதற்குப் பிறகு 'இது பூஜ்யமா?' என்று கேட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு, இதில் விஷம் உண்டா என்று விசாரிப்பது. கம்பைலர் தர்க்க சாஸ்திரி. 'மேலே பயன்படுத்திவிட்டாரே, அப்படியானால் பூஜ்யமாக இருக்க முடியாது, இந்தக் கேள்வி வெட்டி' என்று அதை நீக்கிவிட்டது. ப்ரோக்ராமைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை தெரிகிறது. ஓடும்போது அது இல்லை!

பூஜ்ய முகவரியைத் தொட்டால் பொதுவாக அந்த வேலை அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் அந்த பூஜ்ய இடத்தில் போக்கிரி முன்கூட்டியே தன் சரக்கை வைத்திருந்தால், கெர்னல் அதை எடுத்துப் பயன்படுத்திவிடும். இப்படி வைக்க விடாமல் தடுக்க இன்னொரு சோதனை கெர்னலில் இருந்தது: சாதாரண ப்ரோக்ராம்கள் அடிமட்ட முகவரிகளைக் கேட்கக் கூடாது. ஆக, ஒன்று போனாலும் ஒன்று காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை, அதுவும் அதிக பாதுகாப்பு வைத்திருந்தவர்களிடம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்த 'எஸ்.இ.லினக்ஸ்' என்ற காவல் அமைப்பு அந்த கம்ப்யூட்டர்களில் இருந்தது. அது இருக்கும்போது பழைய சோதனை எதற்கு, எஸ்.இ.லினக்ஸே தீர்மானிக்கட்டும் என்று ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்திருந்தார்கள். எஸ்.இ.லினக்ஸின் விதிகளோ, வழக்கமாக உள்ளே நுழையும் பயனர்களுக்கு அந்த அனுமதியைத் தாராளமாகக் கொடுத்திருந்தன. கூர்க்காவை நியமித்தவர் வீட்டு நாயை விற்ற கதை. கூர்க்காவோ உள்ளூர்க்காரர்களைத் தடுக்க வேண்டாம் என்று உத்தரவு வாங்கியவர்.

சில வாரங்களில் இரண்டையும் சரி செய்தார்கள். எஸ்.இ.லினக்ஸ் இருந்தாலும் பழைய சோதனையும் நடக்கும். இரண்டும் சரி என்றால்தான் அனுமதி. கம்பைலருக்கும் உத்தரவு போயிற்று: கெர்னலைப் பொறுத்தவரை பூஜ்யச் சோதனைகளை உன் இஷ்டத்துக்கு எடுக்காதே.

2024 ஜூலை 19 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேர், கெர்னலுக்குள் ஓடுவது. 20 விவரங்கள் கொடுத்திருந்த இடத்தில் அது 21ஆவதை எடுக்கப் போனது. இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எடுக்கும் நேரத்தில், 'இத்தனை இருக்கிறதா?' என்று கேட்கும் வரி அங்கே இல்லை. வெளியே அனுப்புவதற்கு முன் வேறொரு ப்ரோக்ராம் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் அனுப்பியது. அந்த ப்ரோக்ராமும் 21 வரும் என்றே நம்பியிருந்தது. கோயில் கவுண்ட்டர் கதையேதான். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரை நம்பினார்.

இந்த மூன்றிலும் சம்பந்தப்பட்டவர்கள் கைதேர்ந்தவர்கள். அதனால்தான் சொல்கிறேன். 'வேண்டாதது' என்பது சோதனையின் குணம் அல்ல, சுற்றியிருக்கும் ஏற்பாட்டின் குணம். ஏற்பாடு மாறினால் வேண்டாதது வேண்டியதாகிவிடும். நீக்குபவர் எந்த ஏற்பாட்டை நம்பி நீக்குகிறார் என்று அந்த இடத்திலேயே, ப்ரோக்ராமுக்குள்ளேயே நாலு வரி எழுதிவிட்டுப் போனால் பாதி ஆபத்து குறையும். லியோன்ஸ் குழு தேடிக் கிடைக்காதது அந்த நாலு வரிதான்.

எழுதிவிட்டுப் போன உதாரணமும் லினக்ஸில் இருக்கிறது. 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் முகவரியின் உச்சி பிட் பூஜ்யமாக இருந்தால் அது பயனரின் பக்கம், ஒன்றாக இருந்தால் கெர்னலின் பக்கம். இரண்டுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பிரம்மாண்டமான பொட்டல் வெளி. அங்கே எந்த முகவரியும் செல்லாது, தொட்டால் சில்லே தடுக்கும். அப்படியானால் பயனரின் எல்லை எங்கே முடிகிறது என்று துல்லியமாக ஒப்பிடுவானேன்? உச்சி பிட்டை மட்டும் பார்த்தால் போதுமே. 2023இல் அப்படியே மாற்றினார்கள். முகவரிச் சோதனை என்பது ஒரு நாளில் கணக்கற்ற முறை ஓடுவது. அதைச் சிக்கனமாக்கினால் லாபம்தான். எதை நம்பி மாற்றுகிறோம் என்ற விளக்கத்தையும் பக்கத்திலேயே எழுதினார்கள்.

நம்பிக்கை ஒன்றரை வருடம் தாங்கவில்லை. இன்றைய சில்லுகள் அவசரக் குடுக்கைகள். உத்தரவு வருவதற்கு முன்பே ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பானால் செய்ததை அழித்துவிடும். ஆனால் அழித்த இடத்தில் தடயம் இருக்கும், திருடர்களுக்கு அந்தத் தடயமே போதும். சில ஏ.எம்.டி. சில்லுகள் இப்படி ஊகிக்கும் நேரத்தில் முகவரியின் மேல் பிட்களைச் சட்டை செய்வதில்லை. இதை அந்தக் கம்பெனியே 2021இல் அறிவித்திருந்தது. ஆகவே பொட்டல் வெளியைக் காட்டும் ஒரு முகவரி, ஊகத்தில் கெர்னலின் முகவரியாகவே தெரியும். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நினைத்த இடத்தில் சுரங்கப் பாதை. 2024 அக்டோபரில் உச்சி பிட்டை மட்டும் பார்ப்பதைக் கைவிட்டு, எல்லையோடு முழுதாக ஒப்பிடும் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள். எதை நம்பினார்கள் என்பது எழுதியிருந்தது, எது பொய்த்தது என்பதும் அதன் பக்கத்தில் இப்போது எழுதியிருக்கிறது.

இது மறுபடி திருவனந்தபுரத்துக்கு வருகிறது. வெள்ளையம்பலத்தில் சி-டாக் இருக்கிறது. 'வேகா' என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் வகைச் சில்லுகளை அங்கே வடிவமைக்கிறார்கள். உள்ளூர் மூளையில் பிறந்த சில்லுகள். அவற்றில் 64 பிட் சில்லுகள் லினக்ஸை ஓட்டக்கூடியவை. ரிஸ்க்-ஃபைவிலும் பயனரின் நினைவகத்துக்குப் பூட்டு உண்டு. ஆனால் அது இன்டெல் பூட்டு அல்ல. பொட்டல் வெளி இருக்கிறது, அளவு வேறு. ஊகிக்கும் பழக்கம் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு விதம். ஏரியான்-4இன் சாஃப்ட்வேரை ஏரியான்-5இல் ஏற்றிய நிலைமைதான். ராக்கெட் புதிது, ப்ரோக்ராமில் உள்ள நம்பிக்கைகள் பழையவை.

அங்கே கெர்னலைச் சில்லுக்குப் பொருத்திக்கொண்டிருக்கும் எஞ்சினியர், ஏதோ ஓர் இடத்தில் சோதனை இல்லாமல் முகவரி ஒன்று நேராக உள்ளே போவதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டார்களா, வேண்டாம் என்று விட்டார்களா? மேலே நாலு வரி விளக்கம் இருந்தால், தன் சில்லுக்கு அது பொருந்துமா என்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இல்லாவிட்டால், பத்து வருடத்துத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஃபின்லாந்திலோ அமெரிக்காவிலோ யாரோ ஒருவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்று தேட வேண்டும். அவருக்குப் பக்கத்து மேஜையில் சோதனை நடந்துகொண்டிருக்கும் போர்டு, அதற்குள் அந்த முகவரியை எத்தனையோ லட்சம் தடவை உள்ளே விட்டிருக்கும்.